உற்சாகம் எங்கிருந்து வருகிறது: மைதானத்திலும் அரசியலிலும் களைத்துப்போன ஒரு தம்பிக்கு

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். வலிகாமத்தில் ஒரு கிராமத்துக் கழகத்துக்கு உதைபந்து ஆடுகிறீர்கள். வயது இருபத்துநான்கு. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு கட்சிக்காக வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். தேர்தல் முடிந்த நாளிலிருந்து காலைப் பயிற்சிக்கு எழும்ப முடியவில்லை, கட்சிக் கூட்டத்துக்குப் போகவும் மனம் வரவில்லை. ஊக்கப் பேச்சுக் காணொளி பார்த்தால் இரண்டு நாள் தாங்குகிறது, பிறகு பழையபடி படுக்கை. "பெரிய வீரர்களுக்கும் மேடையில் மணிக்கணக்காகப் பேசும் தலைவர்களுக்கும் அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? எனக்கு அது எங்கே கிடைக்கும்? அல்லது இரண்டையும் விட்டுவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. உடம்பில் வலு இல்லையா? வலு இருந்தும் விருப்பம் இல்லையா? விருப்பம் இருந்தும் "செய்து என்ன பயன்" என்ற எண்ணம் மேலெழுந்து நிற்கிறதா? மூன்றுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான்: படுக்கையை விட்டு எழும்ப மனமில்லை. ஆனால் மருந்து வேறு வேறு. உங்கள் எழுத்தைப் படிக்கும்போது மூன்றாவதுதான் பெரியதென்று எனக்குப் படுகிறது. ஆனாலும் முதலாவதை ஒதுக்கிவிட்டு அங்கே போகக் கூடாது.

நான் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன், மெய்வல்லுநர் பயிற்றுநர். விளையாட்டு உளவியலை ஒரு பாடநெறியாகப் படித்தேன், அதன்பின் கைக்குக் கிடைத்த ஆய்வுகளை வாசித்துக்கொண்டு வருகிறேன். அரசியலைப் பொறுத்தவரை நான் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. ஊர்ச் சனசமூக நிலையத்தில் நீண்டகாலம் வேலை செய்தபோது எத்தனையோ இளைஞர்கள் பொதுவேலைக்கு வந்து எரிந்து அணைந்ததைக் கிட்ட நின்று பார்த்தேன். மருத்துவன் அல்ல. உங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உடம்பைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. தூக்கம் அவற்றில் முதலாவது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து வீரர்களை இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் செய்து பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் ஓட்ட வேகமும் கூடைக்குள் பந்து போடும் துல்லியமும் கூடின, துல்லியம் ஏறத்தாழ ஒன்பது சதவீதம். ஆய்வில் இருந்தவர்கள் பதினொரு பேர்தான், ஆகவே அந்த எண்ணைக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். ஆனால் தூக்கம் குறைந்தால் ஆட்டமும் மனநிலையும் சேர்ந்து சரிகின்றன என்பதில் ஐயமில்லை. தேர்தல் காலத்தில் நள்ளிரவு வரை சுவரொட்டி ஒட்டிவிட்டு விடிகாலையில் மைதானத்துக்குப் போனவரின் உடம்பு அந்தக் கடனை ஒரு வாரத்தில் மறந்துவிடாது.

இரண்டாவது, இரத்தம். இரும்புச்சத்துக் குறைவு நம் பெண் பிள்ளைகளில் அதிகம். ஆனால் நீண்டநேரம் ஓடும் ஆண்களிலும் அதைப் பார்த்திருக்கிறேன். இரத்தச்சோகை வருமுன்னரே இரும்புச் சேமிப்பு இறங்கிவிடலாம், அப்போது ஹீமோகுளோபின் அளவு சரியாகக் காட்டிக்கொண்டே ஆளைச் சோர்த்துவிடும். இரும்புச் சேமிப்பை அளக்கும் பெரிட்டின் என்ற பரிசோதனையையும் சேர்த்துச் செய்யுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். அண்மையில் டெங்கு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். காய்ச்சல் விட்ட பின்பும் கிழமைக்கணக்கில் அசதி நிற்கும். காலையில் வெறும் தேநீரோடு மைதானத்துக்குப் போகிற பழக்கம் நம் கழகங்களில் ஊறிப்போனது. ஒரு வாழைப்பழமும் இரண்டு துண்டுப் பாணும் போதும், அதைக்கூடச் சாப்பிடுவதில்லை. மாலையில் அந்தக் குறையை நிரப்ப எனர்ஜி டிரிங்க் வாங்குகிறார்கள். கஃபைன் உண்மையாகவே வேலை செய்யும் பொருள்தான், உடல் நிறையில் கிலோவுக்கு மூன்று முதல் ஆறு மில்லிகிராம் வரை எடுத்தால் விளையாட்டுத்திறன் கொஞ்சம் கூடும் என்பது நன்கு சோதிக்கப்பட்டது. ஆனால் 250 மில்லிலீற்றர் டின் ஒன்றில் இருப்பது பெரும்பாலும் எண்பது மில்லிகிராம் அளவுதான். அதோடு, ஐந்து மணிக்குக் குடித்ததில் ஏறத்தாழப் பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். அன்றிரவுத் தூக்கத்தைத் தின்று மறுநாள் காலைக் களைப்பைத் தருவது அதுதான்.

இனி, உடம்பும் மனமும் சேருமிடம். 2004இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு மணி நேரம் கடுமையாகச் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு மாச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பக் கொடுத்தார்கள். விழுங்கவே இல்லை. ஆனாலும் நேரம் ஏறத்தாழ மூன்று சதவீதம் முன்னேறியது. வயிற்றுக்குள் எதுவும் போகாமல் வேகம் கூடுகிறதென்றால், "இனி முடியாது" என்ற தீர்ப்பில் மூளைக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் பொருள். 2009இல் சமுவேல் மார்கோராவும் கூட்டாளிகளும் மறுபக்கத்தைக் காட்டினார்கள். தொண்ணூறு நிமிடம் கவனத்தைப் பிழியும் கணினி வேலை செய்துவிட்டு மிதித்தவர்கள், செய்யாமல் மிதித்த நாளைவிட முன்னதாகவே ஓய்ந்துவிட்டார்கள். இதயமும் தசைகளும் வழமைபோலவே இருந்தன. கடினமாக இருக்கிறது என்ற உணர்வு மட்டும் கூடியிருந்தது. பின்வந்த எல்லா ஆய்வுகளிலும் அந்த அளவு விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், பகல் முழுதும் கைத்தொலைபேசியில் அரசியல் வாக்குவாதம் செய்துவிட்டு மாலையில் கால் கனக்கிறது என்று வருகிற பையன்களைப் பார்க்கும்போது அந்த ஆய்வு எனக்கு நினைவுக்கு வரும்.

அதே துறையில் மிகவும் பரவிய வேறொரு கருத்தை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. மன உறுதி என்பது அளவோடு இருக்கும் ஒரு சேமிப்பு, ஒரு வேலைக்குச் செலவழித்தால் இன்னொன்றுக்கு மிஞ்சாது என்று 1998இல் ரோய் பௌமைஸ்டர் முன்வைத்தது உலகமெங்கும் ஊக்கப் பேச்சாளர்களின் வாயில் ஏறியது. 2016இல் இருபதுக்கு மேற்பட்ட ஆய்வுகூடங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து அதைச் சோதித்தபோது விளைவு கிட்டத்தட்டக் காணாமல் போயிற்று. விவாதம் இன்னும் நடக்கிறது. "என் மன உறுதி தேர்தலில் தீர்ந்துபோய்விட்டது" என்று நீங்கள் எழுதிய வரிக்கு விஞ்ஞானத்தில் உறுதியான அடி இல்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைவர்களின் மேடைச் சக்திக்கு வருகிறேன். அதில் பெரும்பங்கு கூட்டத்தினுடையது. 1898இலேயே நோர்மன் டிரிப்லெட் என்பவர், தனியே ஓட்டுபவர்களைவிட மற்றவர்களோடு சேர்ந்து ஓட்டும் சைக்கிள் வீரர்கள் வேகமாகப் போகிறார்கள் என்று பதிவுகளைக் காட்டி எழுதினார். 1965இல் ரொபர்ட் சாயோன்ஸ் அதற்கு ஒரு முக்கியமான திருத்தம் சேர்த்தார்: நன்றாகப் பழகிய செயலைப் பார்வையாளர் முன்னிலை உயர்த்தும், பழகாத செயலைக் கெடுக்கும். முப்பது ஆண்டுகளாகப் பேசுகிறவருக்குக் கூட்டம் தெம்பு தருகிறது, முதல்முறை ஒலிவாங்கியைப் பிடிக்கிறவருக்கு நா வறள்கிறது. வடக்கின் பெருஞ்சமர் என்று நாம் சொல்லும் கிரிக்கெட் போட்டியில் யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904இலிருந்து மோதி வருகின்றன. அந்த மூன்று நாளில் ஆரவாரம் ஏற ஏறத் துடுப்பு நன்றாகச் சுழலும் பையனும் உண்டு, வலைப்பயிற்சியில் அருமையாக ஆடிவிட்டு அங்கே முதல் பந்திலேயே துடுப்பைத் தப்பாக நீட்டும் பையனும் உண்டு. அவர்களுக்கிடையே உள்ள வித்தியாசம் துணிச்சல் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது பழக்கத்தின் வித்தியாசம்.

மேடையில் பார்த்தது அந்த மனிதரின் முழுநாள் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். சாரதி ஓட்டுகிறார், உதவியாளர் தொலைபேசியைப் பார்க்கிறார், சாப்பாடு வந்து சேர்கிறது. வீடு வீடாக நடந்தது நீங்கள். அவருக்குக் கைதட்டலும் உங்களுக்கு நாய்க்குரைப்பும் கிடைத்திருந்தால், இரண்டு பேரின் உற்சாகத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இப்போது விருப்பம். எட்வேர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள் பல தசாப்தங்களாகக் கட்டியெழுப்பிய கோட்பாடு ஒன்று இருக்கிறது. மனிதருக்கு மூன்று தேவைகள் நிறைந்தால் விருப்பம் தானாகவே நிற்கும் என்கிறார்கள்: நானாகவே தெரிந்தெடுத்தேன் என்ற உணர்வு, எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, எனக்கென்று ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. இந்த மூன்றையும் வைத்து உங்கள் தேர்தல் மாதங்களை அளந்து பாருங்கள். எந்த ஒழுங்கைக்குப் போவது என்று கட்சி சொன்னது. போனதால் ஏதும் மாறியதா என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முடிவு வந்த மறுநாள் வாட்ஸ்அப் குழுவும் அடங்கிப்போனது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே வாரத்தில் அறுந்திருக்கின்றன. மனம் வராதது சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன்.

பரிசும் பணமும் இதில் எங்கே நிற்கின்றன? 1971இல் டெசி செய்த சோதனையில், புதிருக்குக் காசு பெற்ற மாணவர்கள் காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. 1973இல் சிறு பிள்ளைகளுக்குப் படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தபோதும் அதேதான் நடந்தது. எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்கு அந்தச் சரிவு இல்லை. இதை எதிர்த்தும் ஆய்வாளர்கள் எழுதினார்கள், தொண்ணூறுகளில் பெரிய சர்ச்சை நடந்தது. இன்று ஓரளவு ஒப்புக்கொள்ளப்படுவது, விரும்பிச் செய்கிற காரியத்துக்கு "இதைச் செய்தால் இது" என்று பேரம் பேசினால் விருப்பம் தேயும் என்பதுதான். எங்கள் கழகங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகிற பரிசுப்பணத்தை நான் குறை சொல்லவில்லை; பந்தும் வலையும் அதனால்தான் வந்தன. ஆனால் பரிசுத்தொகை இல்லாத சுற்றுப்போட்டிக்கு அணி சேராது என்ற நிலை எத்தனையோ ஊர்களில் வந்துவிட்டது. தேர்தலுக்கு முன் ஒரு வேட்பாளர் கொடுத்த சீருடையை அணிந்து ஆடிய அணி, தேர்தலுக்குப் பின் சீருடைக்காகவே கலைந்ததையும் பார்த்தேன். அந்த வேட்பாளர் யார் என்பது இங்கே தேவையில்லை, எல்லாப் பக்கத்திலும் அது நடக்கிறது.

கோபத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: எதிரணியை வெறுத்தால் வேகம் வருகிறதே, அது தவறா என்று. வேகம் வருவது உண்மை. நெடுந்தூர ஓட்டக்காரர்கள், தமக்கு நேர் போட்டியாளர் என்று கருதுகிறவர் அதே ஓட்டத்தில் இருந்தால் கிலோமீற்றருக்குச் சில விநாடிகள் வேகமாக ஓடுகிறார்கள் என்று ஓர் ஆய்வு உண்டு. கோபம் மக்களை அரசியலுக்குள் இழுக்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. கோபப்படக் காரணமே இல்லாத ஊரில் நாம் வாழவில்லை. ஆனால் பயிற்றுநராக நான் பார்த்ததைச் சொல்கிறேன். பொறாமையிலும் ஆத்திரத்திலும் ஓடுகிற பிள்ளை, எதிராளி வராத நாளில் ஓட மாட்டாள். அவளுடைய உற்சாகத்தின் சாவி எதிராளியின் கையில் இருக்கிறது. அரசியலில் அது இன்னும் மோசம். எதிர்க்க ஆள் தேடிக் கடைசியில் சொந்தக் கட்சிக்குள்ளேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது கேள்விக்கு, பயன் என்ன என்பதற்கு, நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். உற்சாகம் முதலில் கிடைத்து, அதைக் கொண்டு நாம் வேலை செய்வதில்லை. செய்த வேலையின் பயனைக் கண்ணால் பார்த்தபின் ஊறுவது அது. கிணற்றில் இறைத்தால் ஊற்று வரும் என்று நம் தோட்டக்காரர் சொல்வது இதற்கும் பொருந்தும், ஆனால் இறைத்த நீர் பாத்திக்குப் போகிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். 1500 மீற்றர் ஓடுவாள். எங்கள் மைதானத்தில் முழு ஓடுபாதைக்கு இடம் இல்லை. பனை வேலியோரமாக நீறு கொட்டி 300 மீற்றருக்கு ஒரு வட்டம் போட்டிருந்தோம். அவளுக்கு ஐந்து சுற்று. மாகாண மட்டத்தில் தோற்று வந்தபின் "சேர், இனி ஓடவில்லை" என்றாள். நான் பேச்சுக் கொடுக்கவில்லை. ஒரு நாற்பது பக்கக் கொப்பியைக் கொடுத்து, சனிக்கிழமைகளில் மட்டும் வந்து ஐந்து சுற்றையும் ஓடி, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தானே எழுதச் சொன்னேன். பக்கத்திலே முதல்நாள் எத்தனை மணிக்குப் படுத்தாள், காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது. சில கிழமைகள் கழிந்தன. மொத்த நேரம் அப்படியேதான் இருந்தது, ஒரு விநாடிகூடக் குறையவில்லை. ஒரு நாள் கொப்பியைக் கொண்டுவந்து விரலால் கீழ்நோக்கித் தடவிக் காட்டினாள்: "சேர், பாருங்கள், எப்போதும் நாலாவது சுற்றில்தான் விழுகிறது. ஐந்தாவதில் திரும்ப எழும்புகிறேன். எனக்குக் களைப்பு இல்லை சேர், நாலாவதில் நான் யோசிக்கிறேன்." அடுத்த சனிக்கிழமை நான் போகும்போது அவள் கேற்றடியில் நின்றாள். வெற்றி எதுவும் வரவில்லை. தோல்வி எந்த இடத்தில் இருக்கிறது என்று தானே கண்டுபிடித்தது போதுமாக இருந்தது.

மகாஜனக் கல்லூரியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் தானே பலமுறை புதுப்பித்தவர். ஒவ்வொரு முறையும் சில சென்றிமீற்றர்தான். அந்த விளையாட்டில் குறுக்குத்தடி விழுந்ததா நின்றதா என்று உடனே தெரியும், அடுத்த உயரம் எவ்வளவு என்பதும் தெரியும். உங்கள் உதைபந்தில் தொண்ணூறு நிமிடத்தில் விடை கிடைக்கும். அரசியல் இதற்கு நேர்மாறு. 2018 பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு அடுத்தது, 2023இல் ஒத்திப்போடப்பட்டு, 2025 மே 6இல்தான் வந்தது. வட மாகாண சபை 2013இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலாவதியானபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லாமல் கிடக்கிறது. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஊதப்படும் விசிலுக்காக ஓடிக்கொண்டிரு என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? அரசியல் வேலையில் இறங்கிய நல்ல பிள்ளைகள் களைப்பது அவர்களுடைய குணக்கேடு என்று நான் நினைக்கவில்லை. அந்த வேலையில் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம் ஊர் வரலாற்றிலேயே இதற்கு இரண்டு பாடங்கள் உண்டு. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் போன்றோரின் முன்முயற்சியில், 1927இல் காந்தியை இங்கே அழைத்து வந்தது. சாதி வேறுபாட்டுக்கு எதிராகவும் நின்றது. 1931இல் முழுச் சுயராச்சியம் கேட்டுச் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்றது, குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுக் கொடுக்கவில்லை. இளைஞர் அமைப்பு ஒன்றுக்கு அதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்க முடியும்? ஆனால் மறுநாள் காலையில் தொண்டன் செய்ய வேண்டியது என்ன என்பதற்கு விடை இருக்கவில்லை. 1934இல் அந்த இடங்களுக்கு இடைத்தேர்தல் நடந்தது, காங்கிரஸின் செல்வாக்குத் தேய்ந்தது. தேய்வுக்கு வேறு காரணங்களும் உண்டு, வரலாற்றாசிரியர்கள் அவற்றை விரிவாக எழுதியிருக்கிறார்கள். பயிற்றுநர் கண்ணுக்கு எனக்குத் தெரிவது, உச்சத்துக்குப் பிந்திய பயிற்சி அட்டவணை இல்லாத அணி.

மற்றது 1961. சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துத் தமிழுக்கு உரிமை கேட்டு, பெப்ரவரி 20இல் யாழ். கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம் ஏறத்தாழ இரண்டு மாதம் நின்றது. மக்களை அத்தனை நாள் தாங்கிய சக்தி பேச்சுகளால் மட்டும் வந்திருக்க முடியாது. அன்றாடம் செய்ய ஒரு வேலை இருந்தது: வந்து வாசலில் உட்கார வேண்டும். வாசல் மறிபட்டதா இல்லையா என்பது அன்று மாலையே தெரியும். ஏப்ரல் 14இல் தமிழரசு அஞ்சல் சேவை என்று சொந்த முத்திரை வெளியிட்டபோது, கிழவியும் போய் வாங்கக்கூடிய ஒரு துண்டுக் கடதாசியாக அரசியல் கைக்கு வந்தது. சில நாளில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்து அதை முடித்தன. கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அதில் இருந்தவர்கள் முதுமையிலும் அதைப் பேசும்போது முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

என் கருத்துக்கு அடங்காத ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்தார்கள். ஆண்டுகள் கடந்தும் அந்தப் போராட்டம் ஓயவில்லை, பிள்ளையைப் பற்றி ஒரு விடையும் அறியாமலே எத்தனையோ தாய்மார் கண்மூடிவிட்டார்கள். பயன் தெரிந்தால்தான் உற்சாகம் என்றால் அவர்கள் எப்போதோ எழுந்து போயிருக்க வேண்டும். அவர்களிடம் இருப்பதை ஊக்கம் என்று நான் அழைக்கத் துணியமாட்டேன். அதை எந்த ஆய்வும் எனக்கு விளக்கவில்லை. உங்களையும் என்னையும் அந்தத் தாய்மாரோடு ஒப்பிட்டு "அவர்களால் முடிகிறதே" என்று சாட்டையடித்துக்கொள்வது அவர்களுக்கும் மரியாதை அல்ல.

அதேபோல எல்லையற்ற உந்துதலைக் கொண்டாடுவதிலும் எனக்குப் பயம் இருக்கிறது. வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இந்தியாவுக்கும் மீண்டும் இங்குமாக ஏறத்தாழ 51 மணி நேரத்தில் நீந்தினார். அவரைப் போல் ஒருவர் நம் மண்ணில் பிறந்தது பெருமை. 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். பிள்ளைகளுக்கு முதல் பாதியை மட்டும் சொல்லி "மனம் இருந்தால் போதும்" என்று முடிக்கிற பேச்சுகளை நான் பல பரிசளிப்பு விழாக்களில் கேட்டிருக்கிறேன். மனம் போதாது. குளிரும் தண்ணீரும் உடம்பும் தம் கணக்கை வைத்திருக்கின்றன.

உங்கள் வீடு வீடான நடைக்கு வருவோம். அது வீண் என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998இல் அலன் கேர்பர், டொனால்ட் கிறீன் என்ற இருவர் ஏறத்தாழ முப்பதாயிரம் வாக்காளர்களை வைத்து ஒரு கள ஆய்வு செய்தார்கள். கதவைத் தட்டி நேரில் பேசியது வாக்களிக்க வந்தவர்களின் தொகையைத் தெளிவாகக் கூட்டியது. தொலைபேசி அழைப்புகள் கூட்டவில்லை. நேரில் பேசுவதற்குப் பலன் உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின. கவனியுங்கள்: வாக்களிக்க வந்தார்களா என்பதுதான் அளக்கப்பட்டது, யாருக்கு என்பது அல்ல. அந்த ஊர் வேறு, நம் ஒழுங்கை வேறு. ஆனால் நீங்கள் கதவைத் தட்டிய வீடுகளில் யாரோ சிலர் உங்களால் வாக்குச்சாவடிக்குப் போயிருக்கக்கூடும். அதைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குத் தரப்படவில்லை என்பதே குறை.

அந்தக் குறையை ஊரளவில் நிரப்பலாம். எங்கள் சனசமூக நிலையத்துப் பிள்ளைகள் ஒருமுறை தேர்தல் பேச்சில் அலுத்துப்போய், வட்டாரத்தில் எரியாத தெருவிளக்குகளைக் கணக்கெடுத்தார்கள். மின்கம்பத்தில் இலக்கம் எழுதியிருக்கும். அந்த இலக்கங்களை ஒரு மட்டையில் வரிசையாக எழுதி நிலையத்துச் சுவரில் கொழுவினார்கள். பட்டியலின் பிரதி பிரதேச சபைக்குப் போனது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரவில் சைக்கிளில் சுற்றி, எரியத் தொடங்கியதற்கு எதிரே சிவப்புப் பேனையால் சரி போட்டார்கள். முதல் மாதம் ஒன்றிரண்டு சரிதான் விழுந்தது. அதற்குள் வயதானவர்கள் மட்டையடியில் நின்று "எங்கள் ஒழுங்கை எங்கே" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள், மட்டையில் இல்லாத இலக்கங்களைத் தாமே கொண்டுவந்தார்கள். எந்தக் கட்சியின் பெயரும் அதில் இல்லை. அந்தப் பையன்களில் சிலர் பின்னர் வேறு வேறு கட்சிகளில் சேர்ந்தார்கள், அதுவும் நல்லதுதான்.

அப்படியானால் இரண்டையும் விடலாமா? என் எண்ணம்: கட்சி வேலையிலிருந்து ஒரு மாதம் விலகி நில்லுங்கள், சொல்லிவிட்டு விலகுங்கள். ஓட்டக்காரனுக்குப் பருவம் முடிந்தபின் ஓய்வுக்காலம் உண்டு. அதைத் துரோகம் என்று எந்தப் பயிற்றுநரும் சொல்வதில்லை. தேர்தலும் ஒரு பருவம்தான். உதைபந்தை முழுதாக விட வேண்டாம். கிழமைக்கு இரண்டு நாள் போதும், அதில் ஒரு நாள் ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியே எழும்புவதைவிட வாசலில் ஒருவன் மணியடிப்பது எளிது. "நாளை பயிற்சிக்குப் போவேன்" என்று தீர்மானிப்பதைவிட "ஐந்தரைக்கு அலாரம் அடித்தால் உடனே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படலையடிக்குப் போவேன்" என்று இடமும் நேரமும் சொல்லித் தீர்மானிப்பவர்கள் அதைச் செய்து முடிப்பது கூடுதல் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ஊக்கப் பேச்சுக் காணொளிகளை நிறுத்துங்கள். இடைவேளையில் பயிற்றுநர் பேசும் பேச்சு அடுத்த பாதியைத் தாங்கும், அடுத்த மாதத்தைத் தாங்காது; அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயம் அல்ல.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். உதைபந்தும் அரசியலும் மட்டுமன்றி, முன்பு பிடித்த சாப்பாடு, நண்பர்கள், பாட்டு எதிலும் சுவை இல்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் போகிறது என்றால், அல்லது வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் வருகிறது என்றால், நான் இங்கே எழுதிய எதுவும் அதற்குப் போதாது. அது நோயாக இருக்கலாம், மருந்து உண்டு. வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். நம் ஊரில் இதை வெட்கமாக எடுப்பதால் எத்தனையோ நல்ல பிள்ளைகளை இழந்திருக்கிறோம்.

தம்பி, நீங்கள் எழுதாத சில விடயங்கள் தெரிந்தால் இன்னும் பொருத்தமாகச் சொல்ல முடியும். என்ன வேலை செய்கிறீர்கள், இரவு வேலையா? எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? ஆடுவது பின்களமா, நடுக்களமா? நடுக்களம் என்றால் ஓடவேண்டிய தூரம் அதிகம், கிழமைக்கு இரண்டு நாள் என்று நான் சொன்னதையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அதையும் சேர்த்து எழுதுங்கள்.